நாலரை விரல்

பெர்லின்,
14 செப்டம்பர் 1942

அன்புத் தம்பி லோரென்ஸுக்கு,

அக்கா மெக்தில்ட் எழுதுவது. நான் சுகம். ஊரில் அம்மாவும் சுகம்தான், நம் தியேட்டரில் கூட்டத்துக்குக் குறைவில்லையாம். நீ எப்படி இருக்கிறாய்? அங்கே இப்போதே குளிர் தொடங்கிவிட்டது என்கிறார்கள். உன் இடது கையின் அரை விரல் வலிக்கிறதா? பத்து வயதில் அப்பாவின் புரொஜக்டர் சக்கரத்துக்கு மோதிர விரலின் நுனியைக் கொடுத்தாயே, அன்று நீ அழவில்லை. பாதியில் படம் நின்றுபோனதே என்று அப்பாதான் அழுதார்.

எனக்கு அரசுத் திரைப்படக் காப்பகத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. ரீல்களைச் சுற்றிப் பார்த்து, கிழிந்ததை ஒட்டி, பெட்டியில் அடைக்க வேண்டும். நாள் முழுக்க ஒட்டும் பசையின் பேரிக்காய் வாசனை. ஜனங்கள் பார்க்கக் கூடாது என்று தடை செய்த படம் அத்தனையும் இங்கேதான் இருக்கிறது. நம் படை பிடித்த நாடுகளிலிருந்தெல்லாம் லாரி லாரியாக வந்து இறங்குகிறது. மேலிடத்தில் யார் வீட்டிலாவது விருந்து என்றால் அதே தடைப்படம் காரில் ஏறிப் போகும். திரும்பி வரும்போது ரீலில் சுருட்டுச் சாம்பலும் வெண்ணெய்க் கறையும் இருக்கும். துடைப்பது என் வேலை.

எங்கள் தலைவர் டாக்டர் ஸ்டால்மன் ஒரு மாதிரியான ஆள். முதல் நாளே சொல்லிவிட்டார்: "பாரும்மா, நாம தடை பண்ணுவோம், பூட்டி வைப்போம். ஆனா ஒரு அடி ஃபிலிமைக்கூடத் தூக்கிப் போடமாட்டோம். வெட்டின துண்டு இருந்தா பத்திரமா வை. என்னிக்காவது அது எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்ப ஒட்டியாகணும்." பெண்டாட்டி பேரைக்கூட அவர் இவ்வளவு பக்தியோடு சொல்லமாட்டார்.

அங்கே உனக்கு என்ன வேலை? காவல் படை என்கிறாய், எதற்குக் காவல்? கம்பளிக் கையுறை அனுப்புகிறேன். இடது கையில் அந்த ஒரு விரலை மட்டும் குட்டையாகப் பின்னியிருக்கிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்
அக்கா

*

கிழக்கே ஓர் ஊர்,
2 அக்டோபர் 1942

என் கண்ணாடிக்கார அக்காவுக்கு,

லோரென்ஸ் எழுதுவது. நலம். உன் கண் எப்படி? ரீல் பார்த்துப் பார்த்துக் கண்ணாடி சோடா பாட்டில் அடி மாதிரி ஆகிவிடப் போகிறது, அப்புறம் யார் உன்னைக் கட்டிக்கொள்வான்?

கையுறை வந்தது. இந்தப் பட்டாளத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் அளவு எடுத்துப் பின்னிய கையுறை. வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சனிக்கிழமை ஒரு வைக்கோல் கொட்டகையில் நம் ஆட்களுக்குப் படம் ஓட்டுகிறேன். மற்ற நாட்களில் காவல், இடமாற்றம், அது இது.

லெஃப்டினென்ட் தன் சின்ன கேமராவை என்னிடமே கொடுத்துவிட்டார். தியேட்டர்காரன் பிள்ளை என்று தெரிந்ததும் ஆளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஊர்த் திருவிழாவைப் படம் பிடிக்கும்போது அப்பா லென்ஸுக்கு முன்னால் விரல் காட்டுவாரே, முதல் ரீலுக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு என்று, நானும் அப்படித்தான். பையன்கள் கேலி செய்கிறார்கள். "டேய் லோரென்ஸ், அஞ்சாவது ரீலுக்கு நீ நாலரைதானடா காட்டுவே!" என்று ப்ரேமெ கத்தினதில் லெஃப்டினென்டே சிரித்துவிட்டார். ப்ரேமெ என் சிநேகிதன், நம் பக்கத்து ஊர்க்காரன்.

முதல் நாலு ரீலை லீவில் வந்தபோதே அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஐந்தாவது இன்னும் கழுவவில்லை. ப்ரேமெ லீவில் பெர்லின் வழியாக வருகிறான், உன்னிடம் ஒரு பொட்டலம் தருவான். பிரிக்காமல் அம்மாவுக்கு அனுப்பிவிடு. கழுவுவதற்கு ஊரில் அம்மாவுக்கு ஆள் இருக்கிறது. வெளியில் எங்கும் கொடுக்க வேண்டாம், தொந்தரவு.

வாத்து ஒன்று உப்புப் போட்டு அனுப்புகிறேன். இங்கே வாத்துக்குப் பஞ்சமில்லை, வீடுகள் எல்லாம் காலியாகக் கிடக்கின்றன.

முத்தங்களுடன்
லோரென்ஸ்

*

பெர்லின்,
20 நவம்பர் 1942

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாயிருக்க வேண்டும். குளிருக்கு விரல் எப்படி இருக்கிறது?

உன் ப்ரேமெ வரவில்லை. சீலேசியன் ஸ்டேஷனில் போய் நின்றேன். வண்டி வரும் வரும் என்றார்கள். கடைசியில் ஒரு கிழட்டு அதிகாரி பக்கத்தில் வந்து, "அம்மா, வீட்டுக்குப் போங்க. அந்த வண்டி வராது" என்றார். ஏன் என்று கேட்டேன். அவர் என் கையிலிருந்த பூங்கொத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உன் சிநேகிதன் பத்திரமாக இருக்கிறானா?

எனக்கு வேலை மாற்றிவிட்டார்கள். செத்துப்போன சிப்பாய்களின் பைகளிலிருந்து எடுத்த ஃபிலிம் எல்லாம் ஒரு பூட்டிய அறைக்கு வருகிறது. கழுவாமல் வந்தால் இங்கேயே கழுவுகிறோம். குளித்துக் கூத்தடிப்பது, நாய்க்குட்டி, சமையல் வண்டி, இவையெல்லாம் வீட்டுக்குப் போகும். மற்றவை இரும்பு அலமாரிக்குப் போகும். மற்றவை என்றால் என்ன என்று நான் எழுத முடியாது.

கூட வேலை செய்பவள் திருமதி போலெ, ஒரு பேக்கரிக்காரரின் விதவை. ரீல் சுற்றும்போது ஒரு பக்கத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். நேற்றுக் கேட்டேன். "ஒரு கண்ணு போதும்டி. ரெண்டு கண்ணாலயும் பாத்தா ராத்திரிக்கு எதை மூடித் தூங்குறது?" என்றாள். முதலில் சிரித்துவிட்டேன்.

பொட்டலத்தில் என்ன இருந்தது, லோரென்ஸ்?

அக்கா

*

கிழக்கே,
18 டிசம்பர் 1942

அக்காவுக்கு,

நலமே. கிறிஸ்துமஸ் வாழ்த்து. உன் கண் தேவலையா?

ப்ரேமெ செத்துப்போனான். காட்டில் ஒளிந்திருக்கும் எதிரிக் கும்பல் தண்டவாளத்துக்கு அடியில் வெடி வைத்துவிட்டது. மூன்று பெட்டி கவிழ்ந்து எரிந்தது. நான்தான் போய் அடையாளம் சொன்னேன். முகம் இல்லை, பூட்ஸை வைத்துச் சொன்னேன். லீவுக்குப் போகிறேன் என்று முதல் நாள் இரவெல்லாம் பாலிஷ் போட்ட பூட்ஸ்.

மறுநாள் பக்கத்துக் கிராமத்துக்குப் போனோம். ஆண்களைக் கிணற்றடியில் நிறுத்திச் சுட்டோம். மற்றவர்களைக் கொட்டகையில் அடைத்துத் தீ வைத்தோம். கூரை ஈர வைக்கோல், லேசில் பற்றவில்லை. பெட்ரோல் ஊற்ற வேண்டியிருந்தது. நான் சனிக்கிழமை படம் ஓட்டும் கொட்டகை மாதிரியேதான் இருந்தது. கதவை முட்டுக் கொடுத்துப் பிடித்திருந்தவர்களில் நானும் ஒருவன். உள்ளேயிருந்து மோதுவது தோளில் தெரிந்தது. தோள் இன்னும் வலிக்கிறது. நீ கேட்டாய், எதற்குக் காவல் என்று. இதற்குத்தான். ப்ரேமெயின் பூட்ஸை நீ பார்த்திருந்தால் நீயும் கதவைப் பிடித்திருப்பாய்.

அந்தப் பொட்டலத்தை மறந்துவிடு. வண்டியோடு போயிருக்கும். ஃபிலிம் எப்படி எரியும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டுமா, தீப்பொறி பட்டால் அப்பா வாளித் தண்ணீரைத் தொடவே விடமாட்டார், ஓடு என்பார். அதைப் பற்றி யாரிடமும் பேசாதே. அம்மாவிடமும் கேட்காதே.

வெண்ணெய் ஒரு டப்பா தனியாக வருகிறது.

லோரென்ஸ்

*

பெர்லின்,
19 ஜனவரி 1943

லோரென்ஸுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. போலெயின் மருமகன் உன் பக்கம் திரும்பிப் போகிறான், அவன் கையில் தருகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் விரல் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை, பார்த்துவிட்டேன்.

ப்ரேமெயின் சாமான் ரயிலின் கடைசிப் பெட்டியில் இருந்ததாம், அது எரியவில்லை. அவன் பை முழுசாக வந்தது. அதிலிருந்த ஃபிலிமை நான்தான் கழுவினேன், நான்தான் சுற்றினேன். முதலில் ஒரு கை. ஐந்து விரலும் விரித்த கை, ஒன்று குட்டை. வெயிலில் நீ கையுறை கழற்றிச் சட்டையின் கைமடிப்பில் செருகியிருந்தது ஓரத்தில் தெரிகிறது.

பிறகு செங்கல் சூளை. யூதர்கள் வரிசையாக வருகிறார்கள். கிழவர்கள், பெண்கள், குழந்தைகள். உடுப்பைக் கழற்றி மடித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், சிலர் மடிக்கிறார்கள். ஒரு பெண் கேமராவைப் பார்த்ததும் கை தானாகத் தலைமுடியை ஒதுக்கிவிடுகிறது, போட்டோ ஸ்டுடியோவில் செய்வது மாதிரி. குழியின் ஓரத்தில் ஒருவனைச் சுட்டதும் அவன் உட்காருகிறான், விழவில்லை. உங்கள் ஆள் ஒருவன் காலால் தள்ளுகிறான். அதை எல்லாம் நீ ஆடாமல் எடுத்திருக்கிறாய். அப்பாவுக்குக்கூட அவ்வளவு ஆடாத கை கிடையாது.

டாக்டர் ஸ்டால்மன் இரண்டு தரம் போட்டுப் பார்த்தார். "யார் எடுத்ததுன்னு தெரிஞ்சாகணும். மேலே கேக்குறாங்க" என்றார். "இதைச் செஞ்சவங்களைத் தேடுறாங்களா?" என்று கேட்டேன். என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "செஞ்சது உத்தரவும்மா. எடுத்ததுதான் குத்தம். ராணுவக் கோர்ட்டு, இல்லேன்னா தண்டனைப் படை. உயிரோட திரும்பறவன் யாரு?"

அவர் பார்ப்பதற்கு முன்பே நான் அந்தக் கையை வெட்டி எடுத்திருந்தேன். ஊசிநூல் டப்பாவில் வைத்திருக்கிறேன். போலெ பக்கத்தில்தான் இருந்தாள். "எந்தக் கையையும் நான் பாக்கல. நான் மூடற கண்ணு அந்தப் பக்கந்தான்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. மாட்டியிருந்தால் அவளுக்கும் எனக்கும் ஒரே கயிறு.

உன்னைக் காப்பாற்றிவிட்டேன். அதற்காக நன்றி எழுதாதே. அந்த ரீலில் இன்னொன்று பார்த்தேன். அதை நான் எழுதமாட்டேன். எடுத்தவனுக்குத் தெரியும். நீயாகச் சொல்லு, காத்திருக்கிறேன்.

மெக்தில்ட்

*

ஊரிலிருந்து,
11 பிப்ரவரி 1943

மகள் மெக்தில்டுக்கு,

அம்மா எழுதுவது. கால் வீக்கம் தவிர மற்றபடி சுகம். கரி கிடைப்பதில்லை, தியேட்டரில் ஜனங்கள் கம்பளியோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

நீ அந்த நாலு ரீலைப் பற்றிக் கேட்டிருந்தாய். தபாலில் இப்படியெல்லாம் கேட்கிறாயே, புத்தி இருக்கிறதா? இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது. ஞாயிறு காலை கதவைச் சாத்திவிட்டு, அப்பாவின் சின்ன புரொஜக்டரில் நான் ஒருத்தியே போட்டுப் பார்த்தேன். முதலாவது நதி, பாலம், குதிரைகள். மற்றதெல்லாம் யுத்தம். யுத்தம் என்றால் அப்படித்தான் இருக்கும், உன் அப்பாவும் போன யுத்தத்தில் பார்த்தவர்தான், வந்து வாயைத் திறந்தாரா?

ஒன்று சொல்கிறேன், வெளிச்சம் அருமையாக இருக்கிறது. பிள்ளைக்கு அப்பாவின் கண். யுத்தம் முடிந்ததும் அவன் பெரிய ஸ்டுடியோவுக்கே போவான்.

அவனுக்கு என்ன எழுதினாய்? இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. எதையாவது சொல்லி அவன் மனதைக் கெடுக்காதே. எனக்கு இருப்பது ஒரு மகன். நீ பெண், உனக்கு ஒன்றும் ஆகாது. அவனுக்கு ஏதாவது ஆனால் நான் உன்னைத்தான் கேட்பேன்.

அம்மா

*

கிழக்கே,
23 ஆகஸ்ட் 1943

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். பெர்லினில் குண்டு என்று கேள்விப்பட்டேன், கண் எப்படி என்று இனிமேல் கேட்பதா வேண்டாமா தெரியவில்லை.

உன் கடிதம் கைக்கு வந்தது. கொண்டுவந்த பையன் மறு வாரமே போய்விட்டான். காட்டுக்குள் நாலு பேரைக் கழுத்தறுத்துத் தொங்கவிட்டிருந்தார்கள், அதில் ஒருவன். போலெ அம்மாவிடம் வலிக்காமல் போனான் என்று சொல்லு. அது பொய். ஆனால் சொல்லு.

நான் யாரையும் தொடவில்லை, அக்கா. அன்றைக்கு என் கையில் துப்பாக்கியே இல்லை, கேமராதான் இருந்தது. நீ அதை நினைத்துப் பார்த்தாயா? கேமரா இருந்ததால்தான் துப்பாக்கி இல்லை. அதை வாங்கிக்கொண்டால் சுடும் வரிசையில் நிற்க வேண்டாம் என்று லெஃப்டினென்ட் சொன்னார், வாங்கிக்கொண்டேன். கொட்டகை பிற்பாடு நடந்தது, அது வேறு. ஆடாமல் எடுத்தேன் என்கிறாய். ஆடினால் அவர்கள் பிழைத்திருப்பார்களா?

இன்னொன்று பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். என்ன பார்த்தாய் என்று எனக்குப் புரியவில்லை.

அந்தத் துண்டை எரித்துவிடு. என் உயிர் உன் ஊசிநூல் டப்பாவில் இருக்கிறது. எரித்தேன் என்று ஒரு வரி எழுதினால் போதும், நிம்மதியாகத் தூங்குவேன்.

லோரென்ஸ்

*

பெர்லின்,
12 மார்ச் 1944

லோரென்ஸுக்கு,

கை கட்டுப் போட்டிருக்கிறது, எழுத்து கோணலாக இருக்கும். மற்றபடி நலம். உன் விரல்?

திங்கட்கிழமை பட்டப்பகலில் அமெரிக்க விமானங்கள் வந்தன. காப்பகத்தின் பெரிய கிடங்கில் ஒரே ஒரு தீக்குண்டு விழுந்தது. ஃபிலிம் பற்றினால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், ஆனால் நமக்குத் தெரிந்தது தியேட்டரில் ஒரு ரீல். இது ஒரு நாட்டின் மொத்தப் படமும். சத்தமே இல்லாமல் மஞ்சளாக எழும்பியது, பிறகுதான் கூரை போனது. தண்ணீர் அடிக்க அடிக்க இன்னும் எரிந்தது. தீயணைப்புக்காரன் ஒருவன் "என்னடா இது, தண்ணியிலயும் எரியுது!" என்று குழாயைப் போட்டுவிட்டு ஓடினான்.

போலெ உள்ளே இருந்தாள். டாக்டர் ஸ்டால்மன் இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். திரும்ப உள்ளே ஓடியவரை நான்கு பேர் பிடித்து இழுத்தோம். பெட்டிகளைத்தான் காப்பாற்றப் போனார், அவளை அல்ல. அவள் கதவு வரைக்கும் வந்துவிட்டாள். அந்தக் கதவு உள்பக்கமாகத் திறப்பது, கதவடியில் சரிந்து கிடந்த பெட்டிகளால் அவளால் இழுக்க முடியவில்லை. கதவில் அவள் மோதுவது எங்களுக்குத் தெரிந்தது. நான் கைப்பிடியைப் பிடித்தேன், தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு மோதுவது நின்றுபோனது.

உன் தோள் இப்போது வலிக்கிறதா?

பெரிய படங்கள் எல்லாம் எரிந்துவிட்டன. கிடங்கு இருந்த இடத்தில் உருகிய தகரம் மட்டும் கிடக்கிறது.

இன்னும் காத்திருக்கிறேன்.

மெக்தில்ட்

*

கிழக்கே, பின்வாங்கும் வழியில்,
9 ஏப்ரல் 1944

அன்பு அக்கா,

உன் கையைப் பற்றிப் படித்து வருந்தினேன். சீக்கிரம் ஆறட்டும். தேன் தடவு, இங்கே அப்படித்தான் செய்கிறார்கள். போலெ பாவம்.

ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வருஷத்தில் முதல் முறையாகச் சிரித்தேன். எல்லாம் எரிந்ததா? அப்படியென்றால் அதுவும்தானே? கடவுள் அமெரிக்காக்காரனின் விமானத்தில் வந்திருக்கிறார். குடித்துவிட்டு எழுதுகிறேன், மன்னித்துக்கொள். நேற்று நாங்கள் இருந்த பங்கரில் பதினோரு பேர், இன்று மூன்று பேர். ஒருவன் குடலைக் கையில் ஏந்திக்கொண்டு என்னிடம் நேரம் கேட்டான். மணி சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுச் செத்தான்.

நீ எதற்குக் காத்திருக்கிறாய் என்று நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. முடிந்தது முடிந்ததாக இருக்கட்டும்.

உன் தம்பி
லோரென்ஸ்

*

ஊரிலிருந்து,
20 மே 1946

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

இரண்டு வருஷமாகிறது. நலமா? கண் எப்படி, கை ஆறிவிட்டதா? நான் கைதி முகாமிலிருந்து மார்ச்சில் விடுதலையாகி வந்தேன். அம்மா பாதியாகிவிட்டாள், ஆனால் வாய் மட்டும் முழுசாக இருக்கிறது. தியேட்டர் நிற்கிறது! கூரையில் ஒரு ஓட்டை, நாற்காலிகளை ஜனங்கள் விறகுக்கு எடுத்துப் போய்விட்டார்கள், புரொஜக்டர் மட்டும் மேலே அப்படியே இருக்கிறது. அப்பாவின் படத்தைத் துடைத்து மாட்டியிருக்கிறேன்.

திறக்க வேண்டுமென்றால் அமெரிக்கர்களின் அனுமதி வேண்டும். யுத்தத்தில் என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள். கொட்டகையில் சிப்பாய்களுக்குப் படம் ஓட்டினேன் என்று சொன்னேன், பொய் இல்லையே. இங்குள்ள அதிகாரி நல்லவன், சிகரெட் எல்லாம் தருகிறான். "உனக்காகச் சொல்ல நாங்க நம்பற ஆள் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டான். "எங்க அக்கா இருக்கா. பெர்லின்ல உங்க ஆளுங்களுக்குத்தான் ஃபிலிம் பிரிச்சுக் கொடுக்கிறா" என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. உன் வாயால் ஒரு வார்த்தை போதும், அக்கா. நான் யாருக்கும் கெடுதல் செய்யாதவன் என்று மட்டும் சொல்லு.

பழையதை நினைத்துப் பயப்பட வேண்டாம். நாலு ரீலையும் அம்மா போன வருஷம் ஆற்றில் போட்டுவிட்டாள். ஐந்தாவது உங்கள் கிடங்கோடு போயிற்று. ஊசிநூல் டப்பாவில் உள்ளதை நீ எப்போதோ எரித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். எழுதத்தான் இல்லை.

வேலை அதிகமோ? இங்கே வந்துவிடேன். பிளம்ஸ் பழுக்கும் நேரத்துக்கு வா, அம்மா கேக் செய்வாள். தியேட்டர் திறக்கும் நாளில் டிக்கெட் கிழிக்க நம் வீட்டு ஆள் ஒருத்தி வேண்டாமா?

என்றும் உன்
லோரென்ஸ்

*

பெர்லின்,
16 ஜூன் 1946

லோரென்ஸுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் உயிரோடு இருக்கிறேன். உன் விரலைப் பற்றி இந்த முறை கேட்கவில்லை.

நம் வீட்டில் ஃபிலிம் என்றால் எரிவது. அப்படித்தான் வளர்ந்தோம். அதனால்தான் நீ மறந்துவிட்டாய். எரிவது தியேட்டர் ஃபிலிம். வீட்டுக் கேமராவில் போடும் சின்ன ஃபிலிம் வேறு சரக்கு, பயமில்லாமல் பெட்ரூமில் ஓட்டுவதற்காக எரியாத மாதிரி செய்தது. அதுவும் கிடங்கில் இல்லை, சுற்றும் அறையின் இரும்பு அலமாரியில் இருந்தது. அனலில் ஓரம் மட்டும் லேசாகச் சுருங்கியிருக்கிறது. பெரிய படங்கள் எரிந்தன என்றுதான் எழுதினேன். மற்றதை நீயே சேர்த்துக்கொண்டு சிரித்தாய்.

மூன்று வருஷம் காத்திருந்தேன். நீ சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

அந்த வரிசை இரண்டு முறை வருகிறது. முதல் முறை சூரியன் அவர்களுக்குப் பின்னால் இருக்கிறது, முகமெல்லாம் கறுப்பு. அப்பா சொல்வாரே, வெளிச்சத்துக்கு எதிரே எடுக்காதே என்று. இரண்டாவது முறை நீ பக்கவாட்டில் போய் நிற்கிறாய், ஒவ்வொரு முகமும் தெளிவாகத் தெரிகிறது. வேறு ஆட்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தலைமுடியை ஒதுக்கிய அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் வருகிறாள். முதல் முறை அவளுடைய ஒரு காலுறை கணுக்காலுக்கு நழுவிக் கிடக்கிறது. இரண்டாவது முறை இழுத்துவிட்டிருக்கிறது.

நீ அவர்களைத் திருப்பி அனுப்பி மறுபடி நடக்க வைத்தாய். கையைத் தூக்கி நிறுத்தினாயா, இல்லை லெஃப்டினென்டிடம் கேட்டாயா, அது படத்தில் இல்லை. குழிக்குப் பத்தடியில் வந்தவர்களைத் திரும்பிப் போங்கள் என்றதும் அந்தத் தாய் என்ன நினைத்திருப்பாள்? விட்டுவிட்டார்கள் என்று நினைத்திருப்பாள், லோரென்ஸ். வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்திருப்பாள். அதனால்தான் குனிந்து குழந்தையின் காலுறையை இழுத்துவிட்டிருக்கிறாள்.

நீ சுடவில்லை என்று எழுதினாய். நம்புகிறேன். சுட்டவன் அவர்களை ஒரு முறைதான் கொன்றான்.

நேற்று ஊசிநூல் டப்பாவைத் திறந்தேன். பசை கிடைப்பது கஷ்டமாக இருந்தது, கிடைத்தது. ஓரத்தைச் சுரண்டி, அந்தக் கையை அது இருந்த இடத்திலேயே ஒட்டினேன். அறை முழுக்கப் பேரிக்காய் வாசனை அடித்தது, நம் வீட்டு மாடி மாதிரி. அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான்.

இன்று காலை அமெரிக்கர்களுக்குப் போட்டுக் காட்டினேன். மேஜர் ஒருவர் முதல் காட்சியிலேயே நிறுத்தச் சொன்னார். "இது யாரோட கை?" என்று கேட்டார்.

"என் தம்பியோடது" என்றேன். ஊர், தெரு, தியேட்டர் பெயர் எல்லாம் சொன்னேன்.

என் வாயால் ஒரு வார்த்தை கேட்டாயே. சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதம் உன்னிடம் வரும்போது அவர்களும் வந்திருப்பார்கள். கையுறை இன்னும் இருந்தால் எடுத்துப் போ, உள்ளே குளிராக இருக்கும்.

அக்கா